பொட்டுக்குள்ளால் போகும் புரதம்

எங்கள் வளவுக்கு மூன்று பக்கமும் மதில் வந்துவிட்டது. கோடிப்புறம் மட்டும் இன்னும் வேலி. கிளுவங் கதியால், நடுநடுவே ஒரு பூவரசு, அதன்மேல் பனையோலை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இப்படி வேலி வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓலை, ஆள்கூலி, கட்டுக்கம்பி எல்லாம் கூட்டிப் பார்த்தால் சில வருடத்தில் மதில் கட்டும் காசு வந்துவிடும் என்று என் மைத்துனர் ஒவ்வொரு முறையும் கணக்குச் சொல்வார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேலியில், பின்வீட்டு மாமிக்கும் எங்களுக்கும் நடுவில், ஒரு பொட்டு இருக்கிறது. மதில் எழும்பினால் பொட்டு போய்விடும்.

தமிழ்நாட்டு நண்பர்கள் பொட்டு என்றதும் நெற்றியைத்தான் நினைப்பார்கள். எங்களுக்கு அது வேலியில் இருக்கும் ஓட்டையும்தான். நாய் பூருகிற பொட்டு, கோழி பூருகிற பொட்டு, ஆள் குனிந்து போகிற பொட்டு என்று அதில் பல தரம் உண்டு. யாரும் வந்து வெட்டித் திறப்பதில்லை. இரண்டு வீட்டுக்காரரும் பார்த்தும் பாராமலும் விட்டுவிட்டதால் உண்டாவது அது.

இந்த வருடம் ஓலை மாற்றுகிற அன்று, உதவி செய்கிறேன் என்று நின்ற நான் பழைய பலகை ஒன்றில் கால் வைத்தேன். செருப்பையும் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியது. பெரிய காயமில்லை. வேலி அடைக்க வந்த அண்ணை ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "கோதாரி! முதல்லை போய் ஏற்பூசி போடுங்கோ சேர்" என்றார். வெளிநோயாளர் பிரிவில் இருந்த மிஸ்ஸியும் அதே விஷயத்தில்தான் தொடங்கினார்: "கடைசியா எப்ப போட்டனீங்கள்?" எனக்கு ஞாபகமில்லை. இருபத்திரண்டு வருடமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் இப்படிச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் காத்திருந்தாள். அவளும் இந்த வருடம் உயர்தரம்.

"அப்பா, ஆணி குத்தினது காலிலை. பிறகேன் ஏற்பு வந்தா முதல்லை வாய் பூட்டுது?"

இதற்குப் பதில் தெரியும். ஏற்புவலிக் கிருமி (ரெற்றனஸ்) காயத்தை விட்டு நகர்வதேயில்லை. ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் அது பெருகும். ஆழமான ஆணிக்குத்து அதற்குத் தோதான இடம். துரு காரணமில்லை. ஆட்டெருவும் மாட்டெருவும் தாழ்த்துப் பழகிய எங்கள் செம்மண் தோட்டங்களில் அதன் வித்திகளுக்குப் பஞ்சமில்லை, ஆணி அவற்றை உள்ளே கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான். கிருமி அங்கேயே இருந்துகொண்டு ஒரு நச்சுப் புரதத்தை வெளியே விடுகிறது. அது இரத்தத்தில் பரவி, உடம்பெங்கும் தசையைத் தொடுகிற நரம்பு முனைகளில் ஏறுகிறது. ஏறி நரம்புக்குள்ளாலேயே முண்ணாண் (தண்டுவடம்) பக்கம் பின்னோக்கிப் போகிறது. தாடை நரம்புக்குத் தூரம் குறைவு, அதனால் அங்கே போனது முதலில் சேர்ந்துவிடுகிறது. காலில் ஏறியது இன்னும் வழியில்தான் இருக்கும்.

கரும்பலகை இல்லாத குறையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் விடவில்லை.

"சரி, நரம்புக்குள்ளை ஒரு புடகத்துக்குள்ளை இருந்துதானே போகுது. அந்தப் புடகத்தை விட்டு வெளியிலை எப்பிடி வரும்? புரதம் மென்சவ்வுக்குள்ளாலை போகாது எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

எங்கள் குறிப்புகளில் அந்த இடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது: "நச்சு கலத்தினுள் புகுந்து". இருபத்திரண்டு வருடமாக அந்த வரியைச் சொல்லிவந்திருக்கிறேன். எப்படிப் புகுந்தது என்று நான் கேட்டதில்லை, ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அன்று காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தபடி தேடத் தொடங்கியதில் அடுத்த இரண்டு கிழமை போயிற்று. வேலி வேலை அதற்குள் முடிந்துவிட்டது.

*

எங்கள் பாடப்புத்தகத்தில் செல்லுக்குப் பெயர் கலம். எனக்குப் பிடித்த சொல். கலம் என்றால் பாத்திரம், தோணியும் கலம்தான். இரண்டிலும் முக்கியமானது ஒன்றே: உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது. கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு நாலைந்து நனோமீற்றர் தடிப்புள்ள எண்ணெய்ப் படலம். தண்ணீரில் வாழப் பழகிய புரதம், மின்னேற்றம் சுமந்த ஒரு பெரிய முடிச்சு, அந்த எண்ணெய்க்குள் இறங்காது. கலம் வெளியிலுள்ள பொருளை விழுங்கும். ஆனால் விழுங்கியதைப் புடகம் என்ற பைக்குள்தான் வைத்திருக்கும். அந்தப் பைக்குச் சுவரும் அதே மென்சவ்வுதான். வளவுக்குள் வந்தாயிற்று, வீட்டுக்குள் வரவில்லை என்கிற மாதிரி.

அப்படியானால் பைக்குள் கிடக்கும் நச்சு, நொதியங்கள் வேலை செய்கிற கலத்தின் உட்புறத்துக்குள், குழியவுருவுக்குள், எப்படி இறங்குகிறது?

இதில் மிக நன்றாகத் துலக்கப்பட்ட கதை ஏற்புவலியினுடையது அல்ல, அடைப்பானுடையது. மாடு திடீரென்று விழுந்து சாகுமே, அந்த அடைப்பான் (அந்திராக்ஸ்). அந்தக் கிருமி மூன்று தனித்தனிப் புரதங்களைப் பக்கம்பக்கமாக வெளியே விடுகிறது. இரண்டு நஞ்சு; மூன்றாவது கதவு. மூன்றில் எதைத் தனியாகக் கொடுத்தாலும் பெரிய தீங்கில்லை, சேர்த்துக் கொடுத்தால்தான் ஆபத்து. கதவாகிற புரதத்துக்கு வைத்திருக்கும் பெயர்தான் வேடிக்கை: காப்பு உடலெதிரியாக்கி. அதை ஊசியாகப் போட்டால் நோய் வராமல் காக்கிறது என்று முதலில் தெரியவந்ததால் அந்தப் பெயர். அது என்ன வேலை செய்கிறது என்று பிறகு பார்த்தபோதுதான், காவல்காரன் என்று பெயர் வைத்தது கள்ளனுக்குக் கதவு திறக்கிறவனுக்கு என்று தெரிந்தது. பெயர் மாறவில்லை.

அந்தப் புரதம் வெளியில் தனியே திரியும்போது ஓட்டையுமில்லை, ஒன்றுமில்லை. 83 கிலோடால்டன் எடையுள்ள சாதுவான ஒரு மூலக்கூறு. கலத்தின் மேலிருக்கும் ஒரு பிடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நம்முடைய நொதியம் ஒன்று, பியூரின் என்று பெயர், அதை வெட்டுகிறது. நம் கலம் தன் சொந்தப் புரதங்களைச் சீராக்க வைத்திருக்கும் கத்தரிக்கோல் அது. வெட்டில் 20 கிலோடால்டன் துண்டு கழன்று விழுகிறது, மிச்சம் 63. அந்தத் துண்டு இருந்தவரை ஒன்றோடொன்று சேர இடமில்லை. விழுந்ததும் ஏழு மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோக்கின்றன, சிலவேளை எட்டு. அந்த வளையத்தின் மேல் நஞ்சுகள் ஏறி உட்காருகின்றன. ஏழு பேர் வளையத்தில் மூன்று நஞ்சுக்கு இடமிருக்கும்.

இவ்வளவு பெரிய கும்பல் தன் மேல் கூடியதும் கலம் செய்வது என்ன? விழுங்குகிறது. விழுங்கிய பையைத் தன் வழக்கப்படி அமிலமாக்குகிறது. உள்ளே வந்த எதையும் அமிலத்தில் ஊறவைத்துச் செரிப்பது அதன் நாளாந்த வேலை. மென்சவ்வில் இருக்கும் பம்பிகள் ஐதரசன் அயன்களை உள்ளே இறைத்துக்கொண்டே இருக்கும். நச்சு காத்திருப்பதும் அதற்குத்தான். பை புளித்ததும் வளையத்தின் உருவம் மாறுகிறது. ஏழு பேரும் ஆளுக்கொரு நீண்ட மடிப்பைக் கீழே இறக்க, பதினான்கு இழைகள் சேர்ந்து ஒரு குழாய் உண்டாகி மென்சவ்வைத் துளைத்து நிற்கிறது. ஏறத்தாழ 10 நனோமீற்றர் நீளக் குழாய்.

நான் நின்றது இந்த இடத்தில்தான். வெட்டியது நாங்கள், விழுங்கியது நாங்கள், அமிலம் ஊற்றியதும் நாங்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்ல வாய் வருகிறது. அது வேலிக்குச் செய்கிற அநியாயம். கலம் ஒரு பிழையும் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் செய்கிறதைத்தான் அன்றும் செய்தது. நச்சு அந்த வழக்கத்தைப் படித்து வைத்திருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா) நச்சில் நடந்த பரிசோதனை. அமிலத்தைத் தணிக்கிற அமோனியம் குளோரைட்டைக் கலங்களுக்குக் கொடுத்தால் நச்சு பையிலேயே மாட்டிக்கொள்கிறது, கலம் பிழைக்கிறது. 1980இல் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். நச்சை விழுங்க விடாமல் கலத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டவைத்து, வெளியிலுள்ள நீரைச் சிறிதுநேரம் அமிலமாக்கினார்கள். வெளியிலிருந்தே நேராக உள்ளே போய்விட்டது. அப்போது பை ஒரு பொருட்டில்லை, புளிப்புத்தான் திறப்பு.

*

சரி, குழாய் வந்துவிட்டது. இனி நஞ்சு அதற்குள்ளால் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். அப்படியில்லை.

குழாயின் வாசலுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு வளையம் இருக்கிறது. ஏழு புரதத்திலும் 427ஆவது இடத்தில் இருக்கும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம், ஏழும் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 2005இல் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். 2015இல் உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அந்த வாயைப் படமாகவே பார்த்துவிட்டார்கள்: அகலம் 0.6 நனோமீற்றர் அளவு. அந்த இடத்தில் பினைல்அலனினை எடுத்துவிட்டு அலனினை வைத்தால் நச்சு உள்ளே போகவில்லை. ஓட்டை பெரிதானால் போக்குவரத்துக் கூடவேண்டும் அல்லவா? இங்கே குறைகிறது. அந்த எண்ணெய்ப் பசையுள்ள ஏழு விரல்களும் கடந்துபோகும் இழையைப் பிடித்து, பக்கத்தால் ஒழுக்கு வராமல் மூடிக்கொண்டால்தான் இழை நகரும்.

0.6 நனோமீற்றர். உள்ளே போக வேண்டிய நஞ்சு 776 அமினோ அமிலங்கள் மடிந்து சுருண்ட ஒரு பொட்டலம். மடிந்தபடி போகவே முடியாது. ஒரே வழி, முழுதாக அவிழ்ந்து நூலாக வேண்டும். நீட்டினால் கால் மைக்ரோமீற்றருக்கு மேல் வரும். நுனி முதலில், மிச்சம் பின்னால், ஊசிக் காதில் நூல் கோக்கிற மாதிரி. பாதி அவிழ்க்கும் வேலையைப் பையின் அமிலமே செய்துவிடுகிறது. முட்டையில் தேசிக்காய்ப் புளி விட்டால் வெள்ளைக்கரு திரிவது போல அமிலத்தில் புரதம் தளர்ந்துவிடும். மிச்சத்தை அந்த வாசலே உரித்தெடுக்கிறது.

இதை நிரூபித்த பரிசோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மெதோட்ரெக்சேற் என்ற மருந்து இருக்கிறதே, பின்வீட்டு மாமி மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒருநாள் மட்டும் விழுங்குவது, அது நம் உடம்பிலுள்ள ஒரு நொதியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆய்வாளர்கள் அந்த நொதியத்தை நச்சின் வாலில் ஒட்டவைத்தார்கள். நச்சு அதையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள்ளால் போனது. பிறகு மெதோட்ரெக்சேற்றைச் சேர்த்தார்கள். நொதியம் அவிழ மறுத்தது. எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அவிழாதது போகாது. இதை மாமிக்குச் சொன்னேன். "அப்ப இந்தக் குளிசை எனக்கு நஞ்சு ஏறாமலும் காக்குமோ தம்பி?" என்றார். இல்லை மாமி, அது வேறு கதை.

இழுப்பது யார் என்ற கேள்வி அடுத்தது. குழாய்க்குள் இயந்திரம் எதுவுமில்லை, தள்ளுகிற கையுமில்லை. இருப்பது சூட்டினால் எந்த மூலக்கூறும் ஓயாமல் அதிர்கிற அந்தப் பிரௌனியன் இயக்கம் மட்டும். இழை முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பையின் பக்கம் அமிலம், குழியவுருப் பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை. இழையிலுள்ள அஸ்பாட்டிக், குளூட்டாமிக் அமிலங்கள் சாதாரணமாக மறை மின்னேற்றம் உள்ளவை. குழாயின் உட்சுவரும் மறைதான், ஒன்றையொன்று தள்ளும். பையின் அமிலத்தில் அவை ஐதரசன் அயனை ஏற்று மின்னேற்றத்தை இழந்துவிடுவதால் குழாய்க்குள் நுழைய முடிகிறது. மறுபக்கம் போனதும் அந்த அயனை விட்டுவிட்டுத் திரும்பவும் மறையாகிவிடுகின்றன. இனித் திரும்பி வர இயலாது. ஆட்டம் இரண்டு பக்கமும். திரும்பும் வழி மட்டும் அடைபட்டது.

பண்ணைப் பாலத்தில் நின்று கடலைப் பார்த்தால் களங்கட்டி தெரியும். தடிகள் நட்டு வலை கட்டி வைத்திருப்பார்கள். மீனை யாரும் துரத்துவதில்லை. அது தன்பாட்டில் நீந்துகிறது, வலைச்சுவர் வழியே போகிறது, உள்ளே போகும் வாய் தெரிகிறது, வெளியே வரும் வாய் தெரிவதில்லை. மகளுக்கு இதைத்தான் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

இந்த ஓட்டையைக் கண்ணால் பார்க்க முன்பே காதால் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். உப்புத்தண்ணீர் நிறைந்த இரண்டு அறைகள், நடுவே ஒரு சுவர், சுவரில் சின்னத் துளை, துளையின் மேல் பூசிய செயற்கை மென்சவ்வு. மின்னழுத்தம் கொடுத்தால் மென்சவ்வு மின்னைக் கடத்தாது. நச்சுக் குழாய் ஒன்று அதில் பதிந்த கணமே மிகச் சிறிய ஒரு மின்னோட்டம் எழும். நஞ்சின் நுனி குழாய்க்குள் புகுந்ததும் மின்னோட்டம் அடைபடும். இழை முழுதாக மறுபக்கம் விழுந்ததும் திரும்ப வரும். சிறுவயதில் நான் திண்ணையில் இருந்தபடியே பொட்டில் வெளிச்சம் மறைவதை வைத்து மாமி வருகிறார் என்று சொல்வேன். அதே வித்தைதான், அவர்களிடம் பிக்கோஅம்பியர் அளக்கும் கருவி இருந்தது.

*

அவிழ்ந்தால்தான் போகலாம் என்று எழுதும்போது, எழுதக்கூடாது என்று நினைத்திருந்த ஒன்று வந்து நிற்கிறது. 1995 ஒக்ரோபர் 30. யுத்தம் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் ஓர் இரவில் வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கானவர்கள், நாவற்குழிப் பக்கம் ஒரு பாலம், மழை. வீட்டிலிருந்து புறப்படும்போது எங்கள் மூன்று சைக்கிளிலும் தையல் மெசின் முதல் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம் வரை இருந்தது. நெருக்கம் கூடக்கூட ஒவ்வொன்றாக இறக்கினோம். மெசின் செம்மணி வெளியில் நின்றது. சைக்கிளில் ஒன்று கையை விட்டுப்போனது. பாலத்தில் ஏறும்போது அம்மா, அப்பா, நான், தங்கை, அம்மம்மா, ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி இழையாகத்தான் போனோம். பின்னால் திரும்ப நினைத்தாலும் இடமில்லை. உவமை இதோடு உடைந்துவிடுகிறது. நாங்கள் யாருக்கும் நஞ்சில்லை. மறுபக்கம் போய் நஞ்சு பழையபடி மடிந்து தன் உருவத்தை எடுத்துவிடுகிறது என்று வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஏனெனில் மடிந்தால்தான் அது நஞ்சு. அடைப்பான் நஞ்சில் ஒன்று, கலம் செய்தி கடத்தப் பயன்படுத்தும் புரதங்களை வெட்டும் நொதியம். ஏற்புவலி நச்சும் வெட்டுகிற சாதிதான். அதில் கதவும் நஞ்சும் ஒரே மூலக்கூறின் இரண்டு துண்டு, நடுவில் கந்தகப் பாலம் ஒன்று. பாரத் துண்டு அமிலத்தில் கால்வாயாகிறது, இலேசான துண்டு அவிழ்ந்து அதற்குள்ளால் இறங்குகிறது, குழியவுருவிலுள்ள நம் நொதியங்கள்தான் அந்தக் கந்தகப் பாலத்தையும் அறுத்து அதை விடுவிக்கின்றன. விடுபட்டது சினப்ரோபிரெவின் என்ற புரதத்தை ஒரே ஓர் இடத்தில் வெட்டுகிறது, 1992இல் கண்டது. அது வெட்டுப்பட்டால், தசையை "போதும், தளர்" என்று நிறுத்துகிற நரம்புக்கலங்களால் தங்கள் செய்தியை வெளியே விட முடியாது. பிறகு தசை இறுகிக்கொண்டே போகும்.

அளவைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 2.5 நனோகிராம் இருந்தாலே மனிதரைக் கொல்லப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என் 70 கிலோவுக்கு ஒரு கிராமில் கோடியில் இரண்டு பங்கும் வராது. இதனால் ஒரு விநோதமும் உண்டு: ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கும் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, வருவதில்லை. உடம்பு அடையாளம் கண்டு பிறபொருளெதிரி செய்யும் அளவுக்குக்கூட நச்சு அங்கே இல்லை. பிழைத்தவருக்கும் ஊசி போடத்தான் வேண்டும்.

தொண்டைக்கரப்பனில் கணக்கு இன்னொரு விதம். அதன் நஞ்சுத் துண்டு ஒரேயொரு மூலக்கூறு உள்ளே இறங்கினால் ஒரு கலம் சாகும் என்று 1978இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கலம் புரதம் செய்வதையே அது நிறுத்திவிடும். தேயாத நொதியம் என்பதால் ஒன்றே திரும்பத் திரும்ப வேலை செய்யும். (இன்னொன்று: அந்த நச்சைச் செய்யும் மரபணு கிருமியினுடையதே இல்லை. கிருமியைத் தொற்றுகிற ஒரு வைரசு கொண்டுவந்து கொடுத்தது. வைரசு ஏறாத தொண்டைக்கரப்பன் கிருமியால் அந்த நச்சைச் செய்ய முடியாது.) எனக்குப் போட்ட ஊசியில் இருப்பது போமலினில் ஊறவைத்த நச்சு. உருவம் மிச்சம், வேலை போய்விட்டது. 1920களில் பாரிசில் கஸ்தோன் ரமோன் தொடங்கிவைத்த வழி. உருவத்தைப் பார்த்துப் பழகிய பிறபொருளெதிரிகள், உண்மையான நச்சு வந்தால் அது நரம்பில் ஒட்ட முன்பே சுற்றிக்கொள்கின்றன. ஓட்டை போடும் கட்டம்வரை விடுவதில்லை.

*

வேலி அடைக்கும் அண்ணையின் வாயில் வந்த கோதாரிக்கு இப்போது வருகிறேன். யாழ்ப்பாணத்தில் அது இன்று வெறும் அலுப்புச் சொல். பால் பொங்கி வழிந்தாலும் கோதாரி, பஸ் தவறினாலும் கோதாரி. ஒரு காலத்தில் அது கொள்ளை நோய், வாந்திபேதி (கொலரா). ஊரைக் காலிபண்ணியதன் பெயர் காலப்போக்கில் சலிப்புக்குப் பெயராகிவிட்டது. 1847இல் இங்கே வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், வாந்திபேதியின் கிருமி எதுவென்று தெரியாத காலத்தில்தான் இங்கே வைத்தியம் பார்த்தார். ஜேர்மன் வைத்தியர் றொபேட் கொக் கல்கத்தாவில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தது 1884இல். கிறீன் காலமானதும் அதே ஆண்டு. கிருமி தெரிந்த பிறகும் ஆளைக் கொல்வது அது விடும் நச்சுத்தான் என்று காட்ட இன்னும் எழுபத்தைந்து வருடம் எடுத்தது. 1959இல் சம்புநாத் டே, அதே கல்கத்தாவில், கிருமியை வடித்து நீக்கிய திரவத்தை மட்டும் முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தினார். குடல் தண்ணீரால் வீங்கியது. இவ்வளவு எளிமையான கருவிகளோடு இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. நோபல் பரிசுக்கு அமெரிக்க உயிரியலாளர் ஜோசுவா லெடர்பேர்க் அவரைப் பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை.

வாந்திபேதி நச்சு எனக்கு ஏன் முக்கியம் என்றால், அது ஓட்டையே போடுவதில்லை. கலத்துக்குள் புரதம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, அகமுதலுருச் சிறுவலை. பிழையாக மடிந்த புரதங்களை அங்கிருந்து வெளியே தள்ள, கலமே ஒரு கால்வாய் வைத்திருக்கிறது. குப்பை போகும் வழி. வாந்திபேதி நச்சு கலம் விழுங்கிய பையிலிருந்து பின்னோக்கிப் பயணித்து நேரே அந்தத் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. அங்கே தன்னை அவிழ்த்துக்கொண்டு, நானும் பழுதான சரக்குத்தான் என்று குப்பை வழியில் நிற்கிறது. கலம் அதைக் குழியவுருவுக்குள் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளப்படும் புரதங்களை அழிப்பதற்கு லைசின் என்ற அமினோ அமிலத்தில்தான் அடையாளம் குத்துவார்கள். இந்த நஞ்சில் லைசின் மிகக் குறைவு. அடையாளம் விழாமல் தப்பி, மடிந்து, வேலையைத் தொடங்குகிறது. குடற்கலங்கள் உப்பையும் தண்ணீரையும் திறந்துவிட்டபடி நிற்கும்.

இதை வாசித்துவிட்டு இரவு பதினொரு மணிக்குக் கோடிக்குள் போய் நின்றேன். அடைப்பான் வேலியில் பொட்டு வைக்கிறது. இது குப்பை கொட்டும் படலையால் வருகிறது. கிருமிகளுக்குப் புத்தி என்று சொல்ல ஆசைதான், ஆனால் பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை அப்படி எழுதினால் நான் புள்ளி போடமாட்டேன்.

அதே ஓட்டைகளை இப்போது மனிதர்கள் எடுத்துக் கையாள்கிறார்கள். புண்ணில் சீழ்பிடிக்கவைக்கும் கிருமி ஒன்றின் துளை நச்சு, அதுவும் ஏழு பேர் சேர்ந்த குழாய்தான். அதை மென்சவ்வில் பதித்து, நியூக்கிளிக் அமில இழையை உள்ளே இழுத்து, மின்னோட்டம் குறைவதைப் பார்க்கலாம் என்று 1996இல் காட்டினார்கள். கையில் பிடிக்கிற அளவுக் கருவியில் மரபணு வாசிக்கும் தொழில்நுட்பம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அடைப்பான் குழாயில் நஞ்சுக்குப் பதிலாக வேறு புரதத்தைக் கட்டிக் கலத்துக்குள் அனுப்பும் முயற்சியும் நடக்கிறது. வாசல் தலைப்பைத்தான் பார்க்கிறது, பின்னால் வருவது அவிழ்ந்தால் போதும்.

*

வேலி முடிந்த அன்று பின்னேரம் அண்ணை கூப்பிட்டுக் கேட்டார்: "சேர், பொட்டை என்ன செய்ய? அடைச்சு விடட்டோ?"

நான் பதில் சொல்ல முன்பு அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. "அடையாதை மோனை. கொஞ்சம் பெருப்பிச்சு விடு. போன முறை நீ விட்டதுக்குள்ளாலை குழம்புச் சட்டியைச் சரிச்சுத்தான் கொண்டுவர வேண்டிக்கிடந்தது."

அவர் ஒரு கதியாலை அரை முழம் தள்ளி நட்டார். மகள் உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்து, போகுமா என்று வைத்துப் பார்த்தாள்.